பெரியவர் கேட்டில் நிற்கிறார்

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. சோறு போட்டால் சாப்பிட வேண்டும், காய்ச்சல் என்றால் வந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நன்றி என்று வாயால் சொல்லிவிட்டால் என்னவோ கணக்கை முடித்துக்கொண்டு எழுந்து போகிற மாதிரி இருக்கும். அதனால் வனத்துறை ரேஞ்சரம்மாவுக்கு நான் சொல்ல நினைத்ததை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ரொம்ப நாள் தொண்டையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு வழியாகச் சொல்லியும்விட்டேன். எப்படி என்பதுதான் இந்தக் கதை.

என்னை ஊரில் மைக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் கேட்க வேண்டியதில்லை, நான் வாயைத் திறந்தால் புரிந்துவிடும். ஊரின் யானைக் காவல் குழுவின் வயர்லெஸ் முன்னால் யாரை உட்கார வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, குழுத் தலைவியான என் நாத்தனார், "இவளுக்கு எதுக்கு வயர்லெஸ்? ஜன்னலைத் திறந்து வெச்சாப் போதும், காடு தாண்டிக் கேக்கும்" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். வேலை என்னவோ எனக்குத்தான் கிடைத்தது.

என் வீட்டுக்காரருக்குப் பட்டப்பெயர் பூட்டு. ரோட்டுக் கேட்டின் காவல் அவருடையது. கேட்டைப் போலவே வாயையும் பூட்டியே வைத்திருப்பார். எங்கள் இரண்டு பேரின் பேச்சையும் கூட்டிப் பாதியாகப் பிரித்தால் சாதாரண மனிதர்கள் இரண்டு பேர் கிடைப்பார்கள்.

எங்கள் குடியிருப்பு காப்புக்காட்டின் விளிம்பில் இருக்கிறது. ஒரு பக்கம் ஓடை, இன்னொரு பக்கம் மூங்கில் காடு, நடுவில் மலை ஏறும் தார் ரோடு. மூங்கிலிலிருந்து ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போகிற யானைகள் எங்கள் வீடுகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே புகுந்து, ரோட்டைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும். நாங்கள் வருவதற்கு முன்பே அது அவர்களுடைய வழி. முன்பெல்லாம் வெடி போடுவோம், தகரம் தட்டுவோம், தீப்பந்தம் எடுத்துக்கொண்டு ஓடுவோம். விரட்டப்பட்ட யானை சும்மா போகுமா? கண்மண் தெரியாமல் ஓடும். அப்படி ஓடியதன் குறுக்கே மாட்டிக்கொண்டுதான் என் மாமனார் போனார். என் வீட்டுக்காரர் பேச்சைக் குறைத்ததே அதற்குப் பிறகுதான் என்று நாத்தனார் சொல்வார். நான் கல்யாணமாகி வந்தபோதே அவர் இப்படித்தான் இருந்தார்.

அந்த நாட்களில் வனத்துறை ஜீப் வந்தாலே நாங்கள் கதவைச் சாத்திக்கொள்வோம். வந்து இறங்குகிறவர்கள் எங்களை விறகு திருடுகிற கூட்டமாகத்தான் பார்ப்பார்கள். ரேஞ்சரம்மா அப்படி வரவில்லை. நாத்தனாரின் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, "எனக்குக் காட்டோட சட்டம் தெரியும், வழி தெரியாது. உங்களுக்கு வழி தெரியும், கையில அதிகாரம் கிடையாது. சேர்ந்து செய்வோமா?" என்று கேட்டார். நாத்தனார் ஒரு வாரம் முறைத்தார். பிறகு ஒத்துக்கொண்டார்.

துறை வயர்லெஸ் கொடுத்தது, கேட் போட்டது, சம்பளம் கொடுத்தது. நாங்கள் ஆட்களைக் கொடுத்தோம். யானை வந்தால் விரட்டுவதில்லை, வழி விடுவது என்று முடிவானது. ஓடைப் பக்கம் ஒருவர், மூங்கில் பக்கம் ஒருவர் காவல். யானை வருகிறது என்று சேதி வந்தால் நான் அறிவிப்பேன். ஊர் முழுக்கக் கதவைச் சாத்தி, சத்தத்தை அடக்கி, பழம் பலகாரத்தை எல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும். கேட்டைப் பூட்டி இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். வழி காலியாகிவிட்டது என்று ஓடை, மூங்கில் இரண்டு காவலும் சொல்லி, நான் கேட்டுக்குச் சொன்ன பிறகுதான் பூட்டு திறக்கும். "நானே வந்து நின்னு திறங்கன்னு சொன்னாலும் திறக்காதீங்க" என்று ரேஞ்சரம்மா சொல்லி வைத்திருந்தார். எந்த ஆபீசர் தன் பேச்சைக் கேட்காதே என்று தானே சொல்லித் தருவார்? இவர் சொல்லித் தந்தார்.

இதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. எங்கள் ஆட்கள் யானையை யானை என்று சொல்வதில்லை. பெரியவர் என்போம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து நிற்பார் என்பது நாத்தனாரின் வாதம். கூப்பிடாமலும் வந்துகொண்டுதான் இருக்கிறார் என்று ஒருமுறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். வயர்லெஸ்ஸிலும் அதே பேச்சுதான். பெரியவர் கிளம்பிட்டார், பெரியவர் கூட ரெண்டு பேர், பெரியவர் தண்ணி குடிச்சுட்டார். துறையின் பழைய டிரைவர்களுக்கும் இது பழகிப்போயிருந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மலைக்கு மேலே விடுதி நடத்துகிறவர்களுக்குத்தான் கேட் கண்ணை உறுத்தியது. சேர்ந்து ஒரு மனு கொடுத்தார்கள். குழுக்காரர்கள் சொந்தக்காரர்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும் கேட்டைத் திறந்துவிடுகிறார்கள், மற்றவர்களை வேண்டுமென்றே காக்க வைக்கிறார்கள், ஆகவே குழுவைக் கலைத்துவிட்டு கேட்டை ஒரு செக்யூரிட்டி கம்பெனியிடம் கொடுக்க வேண்டும் என்று. கடைசியில் கருணையோடு ஒரு வரி. யானை வழியில் இந்த மக்கள் இருப்பது அவர்களுக்கே ஆபத்து, டவுனுக்கு வெளியே கட்டிவைத்த வரிசை வீடுகளுக்கு அவர்களை மாற்றிவிடலாமாம். அந்த வரியையும் ரேஞ்சரம்மா படித்துக் காட்டினார். எங்கள் பாதுகாப்பில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை!

விசாரிக்க ஒரு மேலதிகாரி வருவதாகச் சேதி வந்தது. அவர் சரி என்றால் குழு இருக்கும், நாங்களும் இருப்போம். இல்லை என்றால் இரண்டும் இல்லை. "அவர் ரொம்பக் கறாரானவர். பேச்சுல மயங்க மாட்டார். இருக்கிறதை இருக்கிறபடி காட்டுங்க, போதும்" என்றார் ரேஞ்சரம்மா.

நாங்கள் கேட்போமா? பள்ளிக்கூடத்தைக் கழுவினோம். நாற்காலி இரவல் வாங்கினோம். நாத்தனார் ஒரு பேச்சு தயாரித்து, மாட்டிடம்கூடப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கள் மேன்மை தாங்கிய" என்று ஆரம்பிக்கும். அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தை வருவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆபீசருக்கென்று ஒரு தார் வாழைப்பழம் வாங்கி, குழு அறையின் வாசலில் தொங்கவிட்டோம்.

ஆபீசர் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் வருவதாகத்தான் பேச்சு. காலையில் நான் வயர்லெஸ் முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் இஸ்திரி போட்ட துணியில் விறைப்பாக உட்கார்ந்து மேன்மை தாங்கியவரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். அப்போது செட் கரகரத்தது. பழக்கமில்லாத குரல்.

"குழு ரூம், கேக்குதா? பெரியவர் மேல் வளைவு தாண்டிட்டார். நேரா உங்க பக்கம்தான் வர்றார்."

டீயைக் கீழே வைத்தேன். "தனியாவா?"

"கூட ரெண்டு பேர்."

"இப்ப என்ன பண்றார்?"

"வழியில ஒரு மரத்தடியில ஒதுங்கியிருக்கார். முடிச்சதும் கிளம்பிடுவார்."

நல்ல பெரிய மரமாக இருக்க வேண்டுமே, முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகுமே என்று நான் வேண்டிக்கொண்டேன்.

"வழக்கமா வர்றவர்தானா?"

"இல்லைங்க, புதுசு. இந்தப் பக்கம் வர்றது இதுதான் முதல் தடவை." குரல் தணிந்தது. "செம கோபத்துல இருக்கார். காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல. பாத்து நடந்துக்கோங்க. பிடிக்கலேன்னா ஊரையே காலி பண்ணிடுவாராம்."

நீங்களே சொல்லுங்கள். காட்டு ஓரத்தில் குடியிருக்கிற எவளாவது இதைக் கேட்டுவிட்டு வேறு மாதிரி நினைப்பாளா? தப்பு செட்டில் அப்படிப் பேசிய துறையின் புது டிரைவருடையது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

அறிவிப்பு கொடுத்தேன். "பெரியவர் வர்றார், பெரியவர் வர்றார். புதுசு. கூட ரெண்டு பேர். பசியில இருக்கார். வழி விடுங்க." ஓடைக் காவலும் மூங்கில் காவலும் சரி என்றார்கள். என் வீட்டுக்காரர் "ம்" என்றார். அவர் பாஷையில் அது நீளமான பதில்.

அன்றைக்கு எங்கள் ஊர் அடங்கிய அழகை நான் சொல்லியே ஆக வேண்டும். ஓடவில்லை, கூவவில்லை. அடுப்புகள் அணைந்தன. கதவுகள் சாத்திக்கொண்டன. பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்ற பாட்டு மறுபடி எழவில்லை. நாய்கள்கூடக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன. நாத்தனார் பாய்ந்து போய் வாழைத்தாரை அவிழ்த்து உள்ளே கொண்டுவந்தார். வைக்க இடமில்லாமல் இஸ்திரித் துணி மேல், மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாழைக்கறை போகவே போகாது.

"ஆபீசர் வர்ற நாள்னு பாத்தா வரணும் இவர்?" என்று கிசுகிசுத்தார்.

"மத்தியானத்துக்குள்ள போயிடுவார் அண்ணி."

"பசியோட வர்றவர் எங்க போறது?" என்று வாழைத்தாரை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

கேட்டில் நடந்ததை நான் பார்க்கவில்லை. ரேஞ்சரம்மா சொன்னதும், பூட்டிடமிருந்து நான் பிடுங்கி எடுத்ததும் சேர்ந்து இது.

துறையின் கார் வந்து நின்றது. கேட் பூட்டியிருந்தது. சுற்றிலும் ஒரு ஜீவனைக் காணோம். பின் சீட்டில் மேலதிகாரியும் ரேஞ்சரம்மாவும், முன்னால் புது டிரைவர். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து பார்த்தால்தான் உண்மை தெரியும் என்று ஆபீசர் காலையிலேயே கிளம்பிவிட்டிருந்தார். வரவேற்க ஒரு நாதி இல்லாததைக் கண்டு அவர் முகம் கடுத்தது. டிரைவர் ஹாரனில் கை வைக்கப் போனார்.

"அடிக்காதீங்க. கேட் பூட்டியிருந்தா யானை வருதுன்னு அர்த்தம். இன்ஜினை நிறுத்துங்க" என்றார் ரேஞ்சரம்மா. வழியில் கார் நின்றபோது அவர் இறங்கி நடந்துகொண்டிருந்ததால், டிரைவர் செட்டில் பேசியது அவருக்குத் தெரியாது; அவரும் அப்போது அப்படித்தான் நம்பினார்.

பின்னாலேயே ஒரு சரக்கு லாரி வந்து, தானாகவே இன்ஜினை அணைத்துவிட்டு நின்றது. லாரிக்காரர் இறங்கி, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, காரின் ஜன்னலருகே வந்து, "புதுசா நீங்க? இங்க கேட் சாத்தினா சாத்தினதுதான். டென்ஷன் ஆகாதீங்க சார். போன மழையில இது சாத்தியிருந்ததாலதான் என் தம்பி லாரியோட வீடு வந்து சேந்தான்" என்று சொல்லிவிட்டு, பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டே தன் வண்டிக்குப் போனார். யாரிடம் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

காத்திருந்தார்கள். யானை வரவில்லை. புது டிரைவருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. இறங்கிப் போய், கேட்டுக்கு மேலே மரத்தில் கட்டிய காவல் பரணில் என் வீட்டுக்காரரைக் கண்டுபிடித்தார்.

"யோவ், கேட்டைத் திற."

"பெரியவர் வர்றார். திறக்க முடியாது."

"பெரியவர் வந்துட்டாருய்யா!"

என் வீட்டுக்காரர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். "எங்க?"

"அதோ, கார்ல உக்காந்திருக்கார்!"

பூட்டு காரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு என் வாழ்க்கையிலேயே அவர் பேசியதில் எனக்கு ரொம்பப் பிடித்த வாக்கியத்தைச் சொன்னார். "கார்ல எப்படி உக்காருவார்?"

டிரைவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் ஆபீசரே இறங்கி வந்துவிட்டார். தான் யார், என்ன பதவி, எதற்காக வந்திருக்கிறோம் என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். "இப்பத் திறக்கலாமா?"

"முடியாதுங்க."

"நான் யார்னு சொன்னேனே, கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க. ரூம்ல இருந்து சொல்லணும். சொன்னாத் திறப்பேன்." இவ்வளவு பேசியதே அவருக்கு மூச்சு வாங்கியிருக்கும். பிறகு ஒன்று சேர்த்துச் சொன்னார். "கீழ நிக்காதீங்க ஐயா. கார்ல ஏறி உக்காருங்க. ஆபத்து."

அதற்கப்புறம்தான் எனக்கு செட்டில் அழைப்பு வந்தது.

"பெரியவர் கேட்ல நிக்கிறார்" என்றார் என் வீட்டுக்காரர்.

செட்டை வாயோடு சேர்த்துப் பிடித்தேன். "ஏங்க, நீங்க பரண்லதானே இருக்கீங்க? இறங்காதீங்க! என்ன பண்றார்?"

"திறக்கச் சொல்றார்."

நாத்தனாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பயத்தில் மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். நாத்தனார் வாழைத்தாரோடு எழுந்து நின்றுவிட்டார். தகப்பனைப் பறிகொடுத்தவர், தம்பியையும் கொடுக்கப் போகிறோமோ என்று அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். எத்தனை சண்டை போட்டிருப்போம் நானும் அவரும்! அந்த நிமிஷம் அவர் என் கையைப் பிடித்தார். நானும் விடவில்லை.

செட்டில் குரல் மாறியது. "மைக்கு அக்கா, ரேஞ்சர் பேசுறேன். பயப்படாதீங்க. இது நம்ம பெரியவர் இல்ல, ஆபீஸ் பெரியவர். காட்டுல யாரும் வரல. டிரைவர் சொன்னது இவரைத்தான்."

மூச்சு வந்தது. அடுத்த மூச்சிலேயே மானம் போனது. யாரைத் தடபுடலாக வரவேற்க வேண்டுமோ அவரையே ரோட்டில் நிறுத்தி, ஊரே கதவைச் சாத்தியிருக்கிறோம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நாத்தனார் தாரோடு திரும்பவும் உட்கார்ந்துவிட்டார். "போச்சு. எல்லாம் போச்சு" என்றார்.

"அக்கா, திறக்கச் சொல்றீங்களா?" என்றது செட்.

சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. போகிற மானம் போகட்டும், முறை போகக் கூடாது. "இருங்கம்மா. ரெண்டு காவலும் சொல்லட்டும். உங்க வார்த்தைக்கே திறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமாக்கா. நான்தான் சொன்னேன். கேளுங்க" என்றார். குரலில் சிரிப்பு இருந்த மாதிரி இருந்தது. சிரிக்கிற நேரமா இது என்று எனக்கு எரிச்சல் வந்தது.

ஓடைக் காவலைக் கேட்டேன். காலி என்றார். மூங்கில் காவல் உள்ளே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றார். எங்கள் ஆட்கள் அப்படி. அவர் சாவகாசமாகப் போய், பார்த்து, வந்து, காலி என்று சொல்லும்வரை மேன்மை தாங்கியவர் வெயிலில் நின்ற காரில் உட்கார்ந்திருந்தார். பிறகு நான் சொன்னேன், பூட்டு திறந்தது.

ஆபீசர் உள்ளே வந்தபோது ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் பாட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி கிளம்பியது. நாத்தனார் முன்னால் போய் நின்றார், வாயைத் திறந்தார். மேன்மை தாங்கியவர் எங்கே போனாரோ, ஒரு வார்த்தை வரவில்லை. மடியெல்லாம் வாழைக்கறை. கடைசியில், "காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடலையாமே?" என்று கேட்டு, தாரிலிருந்து ஒரு சீப்பைப் பிய்த்து நீட்டினார்.

ஆபீசர் அவரைப் பார்த்தார். "நான் கோபமா இருக்கேன்னும் சொன்னாங்களா?"

"சொன்னாங்க" என்றேன் நான். வாயை அடக்கத் தெரிந்தால் எனக்கு மைக்கு என்று ஏன் பெயர் வரப்போகிறது?

"வேற என்ன சொன்னாங்க?"

"பிடிக்கலேன்னா ஊரையே காலி பண்ணிடுவாருன்னு."

சொன்ன பிறகுதான் அதன் இன்னொரு அர்த்தம் எனக்கே உறைத்தது. புது டிரைவர் காரின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஆபீசர் ஒரு வாழைப்பழத்தை உரித்து, நின்றபடியே முழுதும் சாப்பிட்டார். தோலை எங்கே போடுவது என்று தேடினார்.

"வெளிய போடாதீங்க ஐயா, வாசனைக்கு வருவார்" என்று நாத்தனார் வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் அவர் சிரித்தார். பெரிய சிரிப்பெல்லாம் இல்லை. இரவல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஓடை, மூங்கில் காவல்காரர்களை வரச் சொல்லிக் கேட்டார், ரோட்டைக் கடக்கும் இடத்தைப் போய்ப் பார்த்தார், ஏன் வெடி போடுவதில்லை என்றார். "வெடி போட்டா எங்களை விட்டுட்டுப் பக்கத்து ஊருக்குப் போவார். அங்கயும் ஆளுங்கதானே இருக்காங்க?" என்றார் நாத்தனார். தயாரித்த பேச்சில் அது இல்லை. எங்களிடம் இருந்த குறையும் வெளியே வந்தது. பள்ளிக்கூடத்தின் பின்வேலி வழியை ஒடுக்குகிறது, அதைத் தள்ளிப் போட வேண்டும் என்று ஆபீசர்தான் கண்டு சொன்னார். நாங்கள் தினமும் பார்த்தும் கவனிக்காத வேலி.

கிளம்பும்போது மனுவைப் பையிலிருந்து எடுத்து ரேஞ்சரம்மாவிடம் காட்டினார். "பெரிய ஆளுங்களுக்குக் கேட்டைத் திறந்து விடுறாங்கன்னு எழுதியிருக்காங்க. எனக்கே திறக்கல. இனி நான் யாரை விசாரிக்கணும்?" என்றார். பிறகு பரணைப் பார்த்து, "ஐயா, இப்ப நான் போகலாமா?" என்று கேட்டார். பூட்டு வயர்லெஸ்ஸை எடுத்து என்னைக் கேட்டுவிட்டுத்தான் தலையாட்டினார்.

குழு தொடரும் என்று கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. எங்களை இடம் மாற்றுகிற பேச்சு அதோடு நின்றது. வேலியும் நகர்ந்தது. உத்தரவு வந்த அன்று இரவு, என் வீட்டுக்காரர் வாசல் நிலையை ஒருமுறை தடவிப் பார்த்ததை நான் கவனித்தேன். அவர் அப்பா வைத்த நிலை அது.

ரேஞ்சரம்மாவின் காலம் முடிந்து வேறு இடத்துக்கு மாற்றல் வந்தது. வந்தவர்கள் போகத்தானே வேண்டும்? போவதற்கு முதல் நாள் குழு அறைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் ஒன்றைச் சொன்னார்.

"அக்கா, அன்னிக்குக் கேட்ல, கார்ல எப்படி உக்காருவார்னு உங்க வீட்டுக்காரர் கேட்டாரே, அப்பவே எனக்கு விஷயம் புரிஞ்சுடுச்சு. கார்லயே செட் இருந்துச்சு. உடனே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்."

"ஏம்மா சொல்லல? நாங்க செத்துப் பொழச்சோமே!"

"ஆபீசர் இறங்கிப் போறதைப் பாத்தேன். அவர் யார்னு தெரிஞ்ச பிறகும் இவர் முடியாதுன்னு சொல்வார்னு எனக்குத் தெரியும். அதை ஆபீசர் தன் காதால கேக்கணும்னு உக்காந்திருந்தேன்."

"அப்படிச் சொல்லாம அவர் திறந்து விட்டிருந்தா?"

"திறந்திருக்க மாட்டார்" என்றார் ரேஞ்சரம்மா, அவ்வளவு சாதாரணமாக.

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு! ஆபீசருக்குக் கோபம் வந்திருந்தால் முதலில் போவது இவருடைய வேலை. எங்கள் வீட்டுக்காரரின் ஒரு வார்த்தையை நம்பி இவர் தன் பிழைப்பையே வைத்திருக்கிறார். கட்டிய பெண்டாட்டி நான், பயத்தில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தேன். இவர் அவரை என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார். மனசுக்குள் எவ்வளவோ பொங்கியது. வாயில் வந்தது, "டீ குடிக்கிறீங்களா?" என்பதுதான். குடித்தார். இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுநாள் அவருடைய ஜீப் மூட்டை முடிச்சுகளோடு கிளம்பிய சேதி செட்டில் வந்தது. நாத்தனார் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "ஏதாவது சொல்லேன். மைக்குன்னு பேரு மட்டும் வெச்சுக்கிட்டா ஆச்சா?" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

செட்டை எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பழக்கத்தில் வாய் தானாக ஆரம்பித்தது.

"பெரியவர் கிளம்பிட்டார், பெரியவர் கிளம்பிட்டார். வழி விடுங்க."

சொன்னபின் திரும்ப எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஓடைக் காவலுக்கும் புரிந்தது, மூங்கில் காவலுக்கும் புரிந்தது. வழி காலி, வழி காலி என்று இரண்டு குரலும் உடனே வந்தன. இந்த அறிவிப்புக்குக் கதவைச் சாத்த வேண்டும் என்பதுதான் எங்கள் முறை. அன்றைக்கு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஊர் முழுக்க ரோட்டோரம் வந்து, ஒரு சத்தமில்லாமல் நின்றது. என் சொல்லுக்குக்கூடக் காத்திருக்காமல் என் வீட்டுக்காரர் கேட்டை விரியத் திறந்து, அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முறை தவறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஜீப் மெதுவாகக் கடந்தது. வளைவு திரும்பியது. பிறகு செட் கரகரத்தது. ரேஞ்சரம்மாவின் குரல்.

"குழு ரூம், குழு ரூம். பெரியவர் வளைவு தாண்டிட்டார். கோபமா இல்ல. வயிறு நிறைஞ்சு போறார்."

"கேட்டுச்சும்மா" என்றேன்.